1/35 மெட்டில்டா, பார்டியா 1941: அந்த மூணாவது கலர் நீலமா சாம்பலா?

மொட்டைமாடி_மாடலர்
வணக்கம் மக்களே. ரொம்ப நாளா ஓரமா உக்காந்து படிச்சிட்டு மட்டும் இருந்தவன், இப்ப வசமா மாட்டிக்கிட்டேன், அதான் இழை போடுறேன். 1/35 அளவுல மெட்டில்டா, அதாவது ரெண்டாம் உலகப் போர் பிரிட்டிஷ் டேங்க் பிளாஸ்டிக் மாடல், ஒட்டி முடிச்சு ப்ரைமரும் அடிச்சாச்சு. 1941 ஜனவரில லிபியாவுல பார்டியாவை ஆஸ்திரேலியாக்காரங்க புடிச்சப்ப கூடவே போன 7 ஆர்டிஆர் (7வது ராயல் டேங்க் ரெஜிமென்ட்) டேங்க் ஒண்ணு செய்யணும்னு ஆசை. ஸ்கேல் வச்சு கோடு போட்டு வெட்டுன மாதிரி மூணு கலர் சரிவா ஓடுமே, கான்டர் ஸ்கீம்னு பிரிட்டிஷ் பாலைவன மறைப்பு, அதுதான். மணல் கலர் ஓகே, இருட்டா ஒரு சாம்பல், அதுவும் ஓகே. மூணாவது கலர்லதான் தலை சுத்துது. என்கிட்ட இருக்கற பழைய கையேட்டுல லைட் ப்ளூன்னு இருக்கு, இங்கிலாந்துல போவிங்டன் மியூசியம் டேங்க் போட்டோ பாத்தா அதுவும் நல்ல ஆகாச நீலம், சரின்னு டமியா கம்பெனி லைட் ப்ளூ பெயிண்ட் எக்ஸ்எஃப்-23 வாங்கி ஒரு பக்கம் அடிச்சும் தொலைச்சிட்டேன். நேத்து ராத்திரி தேடுனா அது நீலமே இல்ல பச்சை கலந்த சாம்பல்னு ஒரு கூட்டம் சொல்லுது. இப்ப அழிக்கணுமா வேண்டாமா? எக்ஸ்எஃப்-23 ரெண்டு பாட்டில் வாங்கிட்டேன்னு வீட்ல வேற சொல்லிட்டேன்.

கூட்டாஞ்சோறு
உங்க டேங்க், உங்க காசு, உங்க கலர் ப்ரோ. பிங்க் கூட அடிங்க, யார் கேக்கப் போறா.

ரிவெட்_ராஜா
யார் கேக்கப் போறாவா, நான் கேப்பேன். அவர் சும்மா டேங்க் பொம்மை செய்யல, பார்டியா 1941ன்னு தேதி போட்டு செய்யறாரு. தேதி போட்டாச்சுன்னா பதில் சொல்லித்தான் ஆகணும்.

தம்பி, நீங்க அடிச்சது தப்பு. ஆனா தப்பு உங்களோடது இல்ல, ஒரு தலைமுறையே இப்படித்தான் அடிச்சிச்சு. கதை என்னன்னா, 1940ல எகிப்துல இருந்த பிரிட்டிஷ் படைக்கு இந்த மாதிரி நேர்கோட்டு மறைப்பு அடிக்கணும்னு உத்தரவு வந்துச்சு. பிரிகேடியர் கான்டர்னு 4வது ஆர்மர்டு பிரிகேட் கமாண்டர், அவர் பேர்லதான் இன்னைக்கும் இதைச் சொல்றோம். முதல் உலகப் போர்ல கப்பலுக்கு அடிச்ச டாஸில் பெயிண்ட் மாதிரிதான், பாக்குறவன் கண்ணு வண்டியோட விளிம்பு எது மூலை எதுன்னு தடுமாறணும். கலரை வாயில சொல்லாம நம்பர் போட்டுத்தான் கொடுத்தாங்க. பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு 381ன்னு கலர் அட்டை, அதுல இருந்து லைட் ஸ்டோன் 61 இல்லாட்டி போர்ட்லாண்ட் ஸ்டோன் 64 அடிக் கலருக்கு, அதுமேல சில்வர் கிரே 28, அப்புறம் ஸ்லேட் 34. இதுல எங்கய்யா நீலம்? பேர்லயே கிரேன்னு இருக்கு.

இது ஓடுனது கொஞ்ச காலம்தான். 1940 கடைசில ஆரம்பிச்சு 1941 கடைசில உத்தரவை மாத்தி, இனி லைட் ஸ்டோன் ஒரே கலர், வேணும்னா மேல இன்னொரு கலர் அடிச்சுக்கன்னு விட்டுட்டாங்க. உங்க பார்டியா தேதிக்கு கான்டர் கச்சிதம். அதுல சந்தேகமே வேண்டாம்.

மொட்டைமாடி_மாடலர்
அண்ணே ரொம்ப நன்றி. ஆனா ஒண்ணு இடிக்குது. மியூசியம்காரன் நிஜ டேங்கையே வச்சிருக்கான், அவனே நீலம் அடிச்சிருக்கான்னா அவனுக்குத் தெரியாததா?

ரிவெட்_ராஜா
நிஜ டேங்க்தான், நிஜ பெயிண்ட் இல்ல. போர் முடிஞ்சு பல வருஷம் கழிச்சு மேல அடிச்ச கோட் அது. நம்ம ஊர்ல ஆயிரம் வருஷத்துக் கோபுரத்துக்கு கும்பாபிஷேகத்துக்கு எனாமல் அடிக்கிறாங்களே, அதைப் பாத்துட்டு ராஜராஜன் காலத்துல இந்த ராமர் பச்சைதான் இருந்துச்சுன்னு சொல்லுவீங்களா? அந்த நீல மெட்டில்டாவைப் பாத்து கையேடு போட்டான், கையேட்டைப் பாத்து மாடல் பண்ணான், மாடலைப் பாத்து அடுத்தவன் ஓவியம் போட்டான். கடைசில எங்க பாத்தாலும் நீலம், அதனால நீலம்தான் சரின்னு ஆயிப்போச்சு.

இன்னொரு சின்ன விஷயம் சொல்றேன், எனக்கு நீல சந்தேகம் தீந்ததே இதுலதான். அந்தப் பழைய ரெண்டு இலக்க நம்பருக்கு முன்னாடி பிற்காலத்துல ஒரு இலக்கம் சேத்தாங்க, பிஎஸ் 381சி ஆச்சு. முன்னாடி நிக்கற எண் கலர் குடும்பம். 1ல ஆரம்பிச்சா நீலம், 2ன்னா பச்சை, 3 மஞ்சள் கிரீம் வகையறா, 6 சாம்பல். லைட் ஸ்டோன் 61 இப்ப 361. போர்ட்லாண்ட் ஸ்டோன் 364. ஸ்லேட் 634. நம்ம வில்லன் சில்வர் கிரே 28 எங்க போச்சு? 628. நீலமா இருந்திருந்தா 128ன்னு ஆயிருக்கணும். 628 இன்னைக்கும் அட்டைல இருக்கு, எடுத்துப் பாருங்க, பச்சை ஓடுன வெளிறின சாம்பல்.

கூட்டாஞ்சோறு
சரி ரேஷன் கார்டு நம்பர் வரைக்கும் சரிபாத்தாச்சு 😀 ஒத்துக்கறேன்

பழைய_நெகட்டிவ்
நம்பரை விடுங்க ராஜா, போட்டோவுல என்ன தெரியுதுன்னு பாக்கலாம்ல. நான் பார்டியா, டோப்ருக் போட்டோ நாப்பது அம்பது சேத்து வச்சிருக்கேன், எல்லாம் கருப்பு வெள்ளை. மூணு டோன் சுத்தமா பிரிஞ்சு தெரியுது. நடு டோன் சில படத்துல அடிக் கலருக்கு ஒட்டி வெளுப்பா இருக்கு, சில படத்துல நல்லா கருத்திருக்கு. நீலம்னாத்தானே ஃபிலிமுக்கு ஃபிலிம் இப்படி மாறும்? வெறும் சாம்பல் ஏன் மாறணும்?

ரிவெட்_ராஜா
நல்ல கேள்வி, ஆனா அதே வாதம் திரும்பி உங்களையே கடிக்கும். அந்தக் காலத்து கருப்பு வெள்ளை ஃபிலிம்ல ஆர்த்தோ வகைக்கு சிவப்பு தெரியாது, நீலம் வெளுத்துப் போகும். பான்குரோமாட்டிக் வகைல ரெண்டும் ஓரளவு சரியா விழும், அதுலயும் மஞ்சள் ஃபில்டர் போட்டா நீலம் இருட்டும், மஞ்சள் வெளுக்கும். அந்தப் போட்டோவை எடுத்தவன் எந்த ஃபிலிம் போட்டான், ஃபில்டர் போட்டானா, பிரிண்ட் போட்டவன் எத்தனை செகண்ட் வச்சான்னு எதுவும் நம்ம கையில இல்ல. அது போக அடிக் கலர் மணல்னு சொல்றமே, அது மஞ்சள் ஓடுன கலர், ஃபில்டருக்கு அதுவும் ஆடும். நடுவுல நிக்கற சாம்பல் சும்மா இருந்தாலும் பக்கத்துல இருக்கறது ஏறி இறங்குனா இது மாறுன மாதிரித்தான் தெரியும். கருப்பு வெள்ளைல கோடு எங்க ஓடுதுன்னு கேளுங்க, சத்தியம் பண்ணி சொல்லும். கலர் கேட்டா ஜோசியம்தான் சொல்லும்.

பான்சர்_பாண்டி
இடைல புகுறதுக்கு மன்னிச்சுக்கோங்க, ஜெர்மன் ஆளு நான். இதே கூத்து எங்க பக்கமும் நடந்துச்சு. 1939 போலந்து, 1940 பிரான்ஸ் பான்சர் டேங்க் எல்லாம் ஒரே கருஞ்சாம்பல்னுதான் ரொம்ப காலம் அடிச்சிட்டு இருந்தோம். அப்புறம் பழைய உத்தரவுகளைப் புரட்டிப் பாத்தா மூணுல ரெண்டு பங்கு சாம்பல், ஒரு பங்கு கரும்பழுப்பு, 1940 ஜூலை வரைக்கும் அதான் சட்டம். ரெண்டும் இருட்டுக் கலர், ஒரே வெளிச்ச அளவு, கருப்பு வெள்ளை போட்டோவுல ஒண்ணாக் கலந்து போச்சு. போட்டோவுல தெரியல, அதனால இல்லன்னு அத்தனை பேரும் நம்புனோம். என் ஷெல்ஃப்ல தப்பான பான்சர் ஆறு நிக்குது இன்னைக்கும். அழிக்க மனசு வரல.

பழைய_நெகட்டிவ்
சரி அதை ஏத்துக்கறேன். ஆனா வயசான ஆளுங்க சிலர் அந்த டேங்க்ல நீலம் இருந்துச்சுன்னு சொன்னதா பழைய மாடல் கூட்டங்கள்ல பேச்சு அடிபடும். கண்ணால பாத்தவன் பொய் சொல்லுவானா?

சாயப்பட்டறை_சாந்தி
பொய் சொல்ல மாட்டாங்க. அவங்க கண்ணுக்கு நீலமாத்தான் தெரிஞ்சிருக்கும், ஆனா பெயிண்ட் சாம்பல்தான். எப்படின்னு கேளுங்க.

நான் திருப்பூர்ல சாயப்பட்டறை லேப்ல இருக்கேனுங்க, தினம் லேப் டிப், அதாவது மாதிரித் துணில சாயம் போட்டு, பையருக்கு ஷேடு அனுப்பறதுதான் பொழப்பு. மாடல் வீட்டுக்காரர் ஆரம்பிச்சது, இப்ப பாதி நான்தான் செய்யறேன். எங்க தொழில்ல மொதல்ல அடிபட்டுக் கத்துக்கறது என்னன்னா தனியா இருக்கற கலர்னு ஒண்ணு கிடையாது. பக்கத்துல என்ன இருக்கோ அதுக்கு எதிர்ப்பக்கமா கண்ணு இழுக்கும். வெறும் சாம்பல் துணியை கடுகு மஞ்சள் பக்கத்துல வச்சுப் பாருங்க, நீலம் ஓடும். அதே துண்டை கருநீலம் பக்கத்துல வச்சா அழுக்குப் பழுப்பாயிரும். பட்டுச் சேலைல மாம்பழ மஞ்சளுக்கு சாம்பல் பார்டர் போட்டா கடைக்காரரே நீல பார்டர்னுதான் எடுத்துக் காட்டுவாரு. இப்ப யோசிங்க, நாலாபக்கமும் மஞ்சள் மணல், டேங்க்ல பாதிக்கு மேல மணல் கலர், நடுவுல வெளிறின ஒரு சாம்பல் பட்டை. நீலமாத் தெரியாம வேற எப்படித் தெரியும்?

இதுலதான் மாடலருக்கு ஆபத்துங்க. நீலமாத் தெரிஞ்சுதுன்னு கேட்டுட்டு நீங்க நீல பெயிண்டே அடிச்சா, அதையும் மணல் கலர் இன்னொரு படி நீலமாக்கிரும். ஆகாசம் மாதிரி ஆயிரும். அந்த மியூசியம் டேங்க் ஏன் அப்படி கண்ணைக் குத்துதுன்னு இப்ப புரியுதா. அட்டைல இருக்கற சாம்பலை அடிச்சுட்டுப் பேசாம இருங்க, நீலத்தை மணல் பாத்துக்கும்.

இன்னொண்ணு, எந்த லைட்ல கலக்கறீங்க? கடைல டியூப்லைட்டுல எடுத்த சேலை வீட்டு வாசல்ல வேற கலராகறது எல்லாருக்கும் தெரியும்ல, அதே கதைதான் பெயிண்டுக்கும். நாங்க லைட் பாக்ஸ்ல டி65ன்னு பகல் வெளிச்ச லைட், டிஎல்84ன்னு கடை லைட், ரெண்டுலயும் ஒத்து வந்தாத்தான் பாஸ் பண்ணுவோம். உங்களுக்கு லைட் பாக்ஸ் வேண்டாம், ராத்திரி எல்இடில கலக்காதீங்க, காலைல வடக்குப் பாத்த ஜன்னல் ஓரம் போதும்.

ரிவெட்_ராஜா
அக்கா, பத்து வருஷமா இந்த நீலச் சண்டை போடறேன், இந்தக் கோணம் எனக்குத் தோணவே இல்ல. வணக்கம் வச்சிக்கறேன்.

மொட்டைமாடி_மாடலர்
சாந்திக்கா, இதைப் படிச்சுட்டு உடனே மாடிக்குப் போய் செஞ்சு பாத்தேன். வெள்ளை பிளாஸ்டிக் ஸ்பூன் முதுகுல தனித்தனியா அடிச்சு காயவிட்டு பாத்தா சாம்பல் ஸ்பூன் அப்படியே திருநீறுல ஒரு சொட்டு பச்சை விட்ட மாதிரி இருந்துச்சு, நீலம் துளி இல்ல. அப்புறம் அதை மணல் கலர் ஸ்பூன் ரெண்டுக்கு நடுவுல செருகுனேன். சத்தியமா சொல்றேன், நீலமாயிடுச்சு. வெளிய எடுத்தா பச்சைச் சாம்பல். திரும்ப செருகுனா நீலம். அஞ்சு நிமிஷம் இதே வேலையா விளையாடிட்டு இருந்தேன், துணி காயப்போட வந்த பக்கத்து வீட்டு மாமி ஒரு மாதிரி பாத்துட்டுப் போனாங்க.

முடிவு பண்ணிட்டேன், அழிக்கறேன். இப்ப கலவை சொல்லுங்க.

ஏர்பிரஷ்_அண்ணாச்சி
அழிக்க எதுக்குடே, அக்ரிலிக்தானே அடிச்சிருக்கே? ஐபிஏல (ஐசோப்ரொபைல் ஆல்கஹால்) பஞ்சை நனைச்சு தொடைச்சா கழண்டு வந்திரும், ப்ரைமர் லாக்கர்னா அசையாது. ப்ரைமரும் அக்ரிலிக்னா அதுவும் சேர்ந்து வரும், அப்ப மேலேயே மெல்லிசா அடிச்சிரு. ரொம்ப ஈரமா தேய்க்காதே, டீடெய்ல் போயிரும்.

கலவைக்கு, நான் தொடங்குற இடம் சொல்லுதேன், முடிவு உன் கண்ணுதான். சில்வர் கிரேக்கு எக்ஸ்எஃப்-76, ஜப்பான்காரன் கப்பல் விமானத்துக்கு வச்சிருக்கற கிரே கிரீன், அதுல வெள்ளை கொஞ்சம். ஸ்லேட்டுக்கு எக்ஸ்எஃப்-65 ஃபீல்டு கிரேல இருந்து ஆரம்பி, பள்ளிக்கூட சிலேட்டை ஈரத்துணில தொடைச்சு காஞ்சப்புறம் இருக்குமே அதுல கொஞ்சம் பச்சை ஓடுனா எப்படி, அந்த மாதிரி வரணும். போர்ட்லாண்ட் ஸ்டோனுக்கு வெள்ளை நிறைய, எக்ஸ்எஃப்-57 பஃப் கொஞ்சம், மஞ்சள் ஊசிமுனை அளவு. பழைய வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளிறின கிரீம். லைட் ஸ்டோன்னா அதைவிட மஞ்சள் தூக்கலா, கடலை மாவு பக்கம் போவும். எதுவா இருந்தாலும் அந்தந்த நம்பர் அட்டை பக்கத்துல வச்சு ஒத்துப் பாக்காம வண்டில அடிக்காதே.

அட்டைல இருக்கறதை அப்படியே அடிச்சாலும் இருட்டாத் தெரியும், அதையும் ஞாபகம் வச்சுக்க. 1/35 மாடலை ஒரு மீட்டர் தூரத்துல வச்சுப் பாக்கது நிஜ டேங்கை 35 மீட்டர் தள்ளி நின்னு பாக்க மாதிரி. நடுவுல இருக்கற காத்து, தூசி எல்லாம் கலரை வெளுக்க வைக்கும். அதனால மூணுலயும் ஒரே அளவு வெள்ளை கொஞ்சம் ஏத்திரு. ஒண்ணுல மட்டும் ஏத்துனா பேலன்ஸ் போயிரும்.

கூட்டாஞ்சோறு
அண்ணாச்சி ஒரு டவுட்டு. பாலைவனத்துல ரெண்டு நாள் ஓடுனாலே டேங்க் முழுக்க தூசிதான், மூணு கலரும் ஒரே கலர். நாமளும் கடைசில தூசிக்குன்னு பிக்மென்ட் தூள் தூவி மூடத்தான் போறோம். அப்ப 628ஆ 128ஆன்னு இத்தனை பக்கம் எதுக்கு?

ஏர்பிரஷ்_அண்ணாச்சி
முகத்துல பவுடர் அடிக்கறவன் முகத்தை கழுவாமலா அடிப்பான்? தூசி கீழ் பக்கம், சைடு ஸ்கர்ட், டிராக் கார்டுல கெட்டியா, டரட் (பீரங்கி இருக்கற மேல் கூண்டு) பக்கவாட்டுல லேசா. ஆளு ஏறி இறங்கற இடத்துல பெயிண்ட் தெரியணும். மெட்டில்டாவுக்கு சைடு ஸ்கர்ட்ல மண்ணு சறுக்கி விழ சரிவான ஓட்டைங்க வச்சிருப்பான்லா, அதுக்குக் கீழதான் தூசி வழிஞ்சு நிக்கணும். எல்லா இடமும் ஒரே மாதிரி தூவுனா பூரி மாவுல புரட்டி எடுத்த மாதிரி இருக்கும், பாத்திருக்கேன், நானே செஞ்சிருக்கேன்.

பழைய_நெகட்டிவ்
நீலத்தை விட்டுட்டேன், தோல்வி ஒத்துக்கறேன். ஆனா ஒரு நியாயம் கேக்கறேன். பாலைவனத்துல சரக்கு வராத நேரத்துல கையில கிடைச்ச பெயிண்டை அடிச்சிருக்க மாட்டாங்களா? ஒரு வண்டி கூடவா நீலமா இருந்திருக்காது?

ரிவெட்_ராஜா
மாத்தி அடிச்சது உண்டு, ஆனா அதுவும் காயிதத்துல இருக்கு. சூடான்ல ஸ்லேட்டுக்குப் பதிலா லைட் பர்ப்பிள் பிரவுன் 49 அடிச்சாங்க, அங்க மண்ணு கலர் வேற. உங்க வாதம் என்னன்னா இருந்திருக்கலாம், அவ்வளவுதான். இருந்திருக்கலாம்னு வச்சு ஒரு வண்டி செய்யலாம், தப்பில்ல, கீழ கற்பனைன்னு எழுதிருங்க. பார்டியா 7 ஆர்டிஆர்னு போர்டு வச்சுட்டு செய்யாதீங்க.

தம்பி, இன்னொண்ணு, கலரை விட முக்கியமானது கோடு. வண்டி வகைக்கு வகை தனி வரைபடம் கொடுத்தாங்க, க்ரூசர் டேங்க் கோட்டை எடுத்து மெட்டில்டாவுல போடக்கூடாது. இடது பக்கம் வேற வலது பக்கம் வேற, கண்ணாடி பிம்பம் இல்ல. டரட் நேரா முன்னாடி பாத்து நிக்கும்போது கோடு உடம்புல இருந்து டரட்டுக்கு ஒட்டி ஓடணும். மாஸ்கிங் டேப் ஒட்டும்போது டரட்டைத் திருப்பி வச்சு ஒட்டிட்டு கடைசில முன்னாடி திருப்பிப் பாத்து அழுத ஆளு ஒருத்தரை எனக்குத் தெரியும். நான்தான்.

பான்சர்_பாண்டி
ஒரு சின்ன ஐடியா. பார்டியாவுக்குப் பதிலா அதுக்கு முந்தின மாசம் 1940 டிசம்பர் 9, எகிப்துல இத்தாலிக்காரங்களோட நிபெய்வா முகாம் செய்யலாமே. அதே 7 ஆர்டிஆர், ஆனா கூடப் போனது 4வது இந்திய டிவிஷன். காலைல டேங்க் பின்பக்கமா நுழைஞ்சப்ப இத்தாலிக்காரங்க எம்11/39 டேங்குங்க எஞ்சின் கூட ஸ்டார்ட் பண்ணாம நின்னுச்சு, மெட்டில்டாவோட 78 மில்லிமீட்டர் தகட்டை அவங்க பீரங்கியால ஒண்ணும் பண்ண முடியல. அந்த டிவிஷன்ல மெட்ராஸ் சாப்பர்ஸ்னு பொறியாளர் படைக் கம்பெனி ஒண்ணும் இருந்துச்சு. டேங்க் பக்கத்துல நம்ம ஊர் ஆளு ஒருத்தரை மண்வெட்டியோட நிறுத்தலாம்ல.

மொட்டைமாடி_மாடலர்
பாண்டி, இது செம. கலர் ஸ்கீம் அதேதானே, தேதி போர்டு மட்டும் மாத்துனா போதும். 1/35ல அந்தக் கால இந்திய சிப்பாய் உருவம் தேடணும், தலைப்பாகைல மடிப்பு எப்படி வரும்னு தனி இழை போடறேன், யாரும் இங்க ஆரம்பிச்சிராதீங்க.

மொட்டைமாடி_மாடலர்
ரெண்டு வாரம் கழிச்சு வரேன். ஐபிஏல கழண்டுச்சு, ப்ரைமர் தப்பிச்சுது. போர்ட்லாண்ட் ஸ்டோன் முழுக்க, அதுக்கு மேல சில்வர் கிரே, கடைசில ஸ்லேட். டேப் மூணு தடவை ஒட்டி எடுத்தேன், பின்பக்கம் மட்கார்டுல ஒரு இடத்துல கசிஞ்சிருக்கு, தூசி போட்டு மறைச்சிருவேன். எல்லாம் காலைல ஜன்னல் ஓரத்துலதான் கலந்தேன் சாந்திக்கா, 628க்கு கிட்டத்தட்ட ஒட்டி வந்திருச்சு.

நேத்து சாயங்காலம் டேப் உரிச்சு மேசைல வச்சேன். வீட்ல வந்து பாத்துட்டு, "அந்த நீலம் வேண்டாம்னு தானே ரெண்டு வாரமா உரிச்சீங்க, திரும்ப அதையே அடிச்சிருக்கீங்க"ன்னு கேட்டாங்க.

சாயப்பட்டறை_சாந்தி
😂😂 லேப் டிப் பாஸ்

ரிவெட்_ராஜா
போட்டோ போடுங்க தம்பி. ஃபிளாஷ் போடாம, வெளிய வச்சு எடுங்க. இடது பக்கம் டரட் கோட்டை பாக்கணும்.

கூட்டாஞ்சோறு
மிச்சம் இருக்கற எக்ஸ்எஃப்-23 ரெண்டு பாட்டில் என்ன விலைக்குத் தர்றீங்க? ஒரு விமானத்துக்கு அடி வயிறு அடிக்கணும்